சிவப்பு மணலில் ஒரு கூடாரம்

ஆஸ்திரேலியாவின் நடுவில் ஒரு சிவப்பு உலகம் இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்மணல், முள்மரம், எப்போதாவது ஒரு குன்று. அந்த ஊர்க்காரர்கள் அதை 'அவுட்பேக்' என்பார்கள். ஊரெல்லாம் முடிந்து, கொல்லைப்புறமும் முடிந்து, அதற்கும் அந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் கூடாரத்தையும் தண்ணீர் கேனையும் கட்டிக்கொண்டு, நாள்கணக்கில் அந்த மண்ணில் ஓட்டி, ராத்திரி நட்சத்திரங்களுக்குக் கீழே படுத்து எழுந்து வருவது வண்டிப் பிரியர்களின் கனவு. ஆயுளில் ஒரு தடவையாவது போய்விட வேண்டும் என்று காசு சேர்க்கிறவர்கள் உண்டு.

விசா வேண்டாம், விமான டிக்கெட் வேண்டாம்... நமக்கும் அப்படி ஒரு சிவப்பு உலகம் இருக்கிறது.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில் வண்டியை விடுங்கள். பழையகாயல், முக்காணி, ஆத்தூர் தாண்டினால் சாகுபுரம். சுற்றிலும் பளீரென்று வெள்ளை உப்பளம். நடுவே ரசாயன ஆலையின் கோபுரங்கள். 1950களின் கடைசியில் இங்கே 'தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ்' வந்தது. அதை நடத்திய சாகு ஜெயின் குடும்பத்தின் பெயரே ஊர்ப் பெயரானது. பக்கத்திலேயே புன்னைக்காயல், காயல்பட்டினம். கிழக்கே கடல். முத்துக்குளித்த கடல்.

இங்கே வருகிறவர்கள் எல்லோரும் கிழக்கே பார்ப்பார்கள். சரித்திரம் எழுதியவர்களும் கிழக்கேதான் பார்த்தார்கள். முத்து, துறைமுகம், கொற்கை, அரேபியக் குதிரை என்று எழுத அங்கே நிறைய இருந்தது. நாம் கொஞ்சம் தென்மேற்கே திரும்புவோம். ஆறுமுகநேரி, திருச்செந்தூர், காயாமொழி... அரை மணி நேரத்தில் தார்ச்சாலையின் ஓரம் சிவக்க ஆரம்பிக்கும். சாலை ஒரு மேட்டில் ஏறும். அப்புறம் பார்த்த இடமெல்லாம் குங்குமத்தைக் கொட்டிவைத்த மாதிரி மணல். மேடு, பள்ளம், மறுபடி மேடு. நடுநடுவே பனை, உடைமரம், கொல்லாமரம்.

இதுதான் தேரி. குதிரைமொழித் தேரி, நாசரேத், மெஞ்ஞானபுரம், சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்துத் தேரிகள், அதற்கும் தெற்கே திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடித் தேரி என்று துண்டு துண்டாகக் கடலோரத்துக்கு இணையாகக் கிடக்கிறது. மலைத்தொடர் என்று சொல்ல முடியாது. ஆனாலும் உயர்ந்த இடத்தில் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 200 அடி. தட்டையான அந்தச் சீமையில் 200 அடி என்பது மலைதான்!

ஏன் இத்தனை சிவப்பு? மணல் துகள் ஒவ்வொன்றின் மேலும் இரும்புத் துரு பூசியிருக்கிறது, அவ்வளவுதான். எப்படி வந்தது? பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்து கிடந்தது. இன்று தண்ணீருக்குள் இருக்கிற நிலம் அன்று வெளியே காய்ந்து கிடந்தது. அந்த மணலையும், மேற்கே மலையடிவாரத்திலிருந்து ஆறும் காற்றும் கொண்டுவந்த மண்ணையும் பல ஆயிரம் வருஷம் காற்று புரட்டிப் புரட்டிப் போட்டதில் உண்டானவை இந்த மேடுகள். காற்று இன்னும் வேலையை நிறுத்தவில்லை. ஆனி, ஆடியில் மலைக் கணவாய்கள் வழியே தென்மேற்குக் காற்று ஈரத்தை எல்லாம் மேற்கே கொட்டிவிட்டு, வெறுங்காற்றாக இந்தப் பக்கம் இறங்கும். நேற்று இருந்த ஒற்றையடிப் பாதை இன்று இருக்காது. வேலி பாதி புதைந்திருக்கும்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, முதல்முறை வருகிறவர்கள் சொல்லும் வார்த்தை அநேகமாக ஒன்றுதான். "அடேயப்பா, ஒரு ஈ காக்கா இல்லையே!"

அந்த வார்த்தையைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். ஏனென்றால், தேரியின் மொத்தச் சரித்திரமும் அந்த வார்த்தை தப்பு என்றுதான் சொல்கிறது.

தேரியில் முதலில் கூடாரம் போட்டவர்கள் யார்?

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் சாயர்புரம் என்று ஓர் ஊர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், இந்தியாவின் கற்கால ஆராய்ச்சிக்குப் பிள்ளையார் சுழி போட்ட ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே தேரி மண்ணில் சின்னச் சின்னக் கல் சில்லுகளைப் பொறுக்கினார். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, பிறைவடிவம், ஓரம் கூர். சும்மா உடைந்த கல் இல்லை. ஆள் உட்கார்ந்து செதுக்கிய கல். 1956ல் ஃபிரெடரிக் சாய்னர் என்ற காலக்கணிப்பு நிபுணரும், பிரிட்ஜெட் ஆல்சின் என்ற தொல்லியல் அறிஞரும் இந்தத் தேரிகளின் நுண்கற்கருவிகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். சாயர்புரம், மெஞ்ஞானபுரம், நாசரேத், குளத்தூர் என்று நம்ம ஊர்ப் பெயர்கள் தொல்லியல் புத்தகங்களில் ஏறியது அப்படித்தான். கல் சில்லு சிலவற்றில் தேரியின் செந்நிறமே ஏறியிருந்தது. மணல்மேடு உருவாகிக்கொண்டிருந்தபோதே அங்கே மனிதர்கள் இருந்திருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். மேட்டின் மறைவில் காற்றுக்கு ஒதுங்கி, பக்கத்துத் தண்ணீரில் மீன் பிடித்து, வேட்டையாடி, கல்லைச் செதுக்கிப் போட்டுவிட்டுப் போன ஜனங்கள். தேரியின் முதல் கேம்ப் அதுதான்!

தண்ணீர் எங்கே இருந்தது என்று கேட்கிறீர்களா? அதுதான் தேரியின் ரகசியம். மேலே பார்த்தால் பாலைவனம். ஆனால் மழை பெய்தால் ஒரு சொட்டு ஓடாது. மணல் அப்படியே குடித்துவிடும். குடித்ததை மெல்ல மெல்ல அடிவாரத்தில் கசியவிடும். பள்ளங்களில் தேங்கி நிற்கிற அகலமான, ஆழமில்லாத நீர்நிலையைத் 'தருவை' என்பார்கள். மேலப்புதுக்குடிப் பக்கம் தேரிக்குள் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது. சுற்றிலும் சிவப்பு மணல், நடுவே சுனை. சாமியின் பெயரிலேயே சுனை இருக்கிறது பாருங்கள். தண்ணீரைக் காப்பதற்கு ஒரு தெய்வத்தையே நியமித்திருக்கிறார்கள். தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார். கள்ளர்வெட்டுத் திருவிழா முடிந்ததும் அந்த இடத்துத் தேரி மண்ணைப் போட்டி போட்டு அள்ளி முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சீமையில் பிழைத்தாலும் குடும்பத்தோடு வந்து இந்த மணலில் அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைத்து, சாஸ்தாவுக்குப் படைத்து, மரத்தடியில் படுத்து எழுந்து போவார்கள். யாருமில்லாத காட்டுக்கா இத்தனை பேருக்கு வழி தெரியும்?

சரி, வெளியிலிருந்து வந்தவர்களைப் பார்ப்போம்.

1542ஆம் வருஷம் அக்டோபர் மாதம் கோவாவிலிருந்து பிரான்சிஸ் சேவியர் இந்தக் கரைக்கு வந்தார். கூடவே தமிழ் தெரிந்த மாணவர்கள் மூன்று பேர். அடுத்த இரண்டு வருஷத்தின் பெரும்பகுதி மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி என்று மணலில் நடைதான். ஜெபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை ஆட்டிக்கொண்டே தெருத்தெருவாகப் போனார். 1544ல் தன் உதவியாளர் மான்சில்ஹாஸுக்கு இந்த ஊர்களிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த ஜூன் மாதம் கன்னியாகுமரிப் பக்கம் வடுகர் படை புகுந்துவிட்டது. மீனவ ஜனங்கள் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் போய் ஒண்டிக்கொண்டார்கள். சோறு இல்லை, தண்ணீர் இல்லை. சேவியர் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் சாப்பாட்டுச் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். காற்று விடவில்லை. துடுப்புப் போட்டும் நகரவில்லை, இழுத்தும் நகரவில்லை.

எந்தக் காற்று? மேலே சொன்னேனே, அதே ஆனிக்காற்று! தேரி மணலைத் தூக்கிப் போடுகிற அதே தென்மேற்குக் காற்று. உள்ளூர்த் தோணிக்காரர்களுக்கு அந்த மாசத்துக் கடல் பரம்பரைப் பாடம். வெளியிலிருந்து வந்தவருக்கோ தோணிகளைத் திருப்பிக்கொண்டு வந்தபோதுதான் அந்தப் பாடம் கிடைத்தது.

இன்னொருவர், ராபர்ட் கால்டுவெல். அயர்லாந்தில் 1814ல் பிறந்தவர். 1838ல் சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்கினார். 1841ல் திருநெல்வேலிச் சீமைக்குப் போகவேண்டும் என்று முடிவானதும் அவர் செய்த காரியம், நடக்க ஆரம்பித்தது! சென்னையிலிருந்து கிளம்பி, காவிரிப் பக்கத்து ஊர்களையெல்லாம் சுற்றி, நீலகிரி ஏறி இறங்கி, மதுரை வழியாக அந்த வருஷக் கடைசியில் இடையன்குடி வந்து சேர்ந்தார். பல்லக்கு இருந்தது, மாட்டுவண்டி இருந்தது. நடந்துபோனால்தான் ஜனங்களோடு பேச முடியும், அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று காதால் கேட்க முடியும் என்று நினைத்தார். தேரியின் ஓரத்தில் இருந்த அந்த ஊரில்தான் பிறகு வாழ்க்கை. 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. உலகத்து மொழி ஆராய்ச்சியையே திருப்பிப் போட்ட அந்தப் புத்தகத்துக்குப் பின்னால், இந்தச் செம்மணலில் பனையேறிகளோடு பேசிப் பழகிய வருஷங்கள் இருக்கின்றன. 1870களில் கொற்கையையும் காயலையும் தோண்டிப் பார்த்தவரும் அவரே. 1891ல் கொடைக்கானலில் இறந்தார். உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

ஆனால் கதையில் ஒரு முள் இருக்கிறது. வந்து எட்டு வருஷத்தில், 1849ல், பனையேறும் மக்களைப் பற்றி அவர் ஒரு சிறு புத்தகம் எழுதினார். தங்களைத் தாழ்த்தி, இழிவுபடுத்தி எழுதியிருக்கிறார் என்று அந்த மக்களே பிற்பாடு கொதித்து எழுந்தார்கள். மனு போட்டார்கள், மறுப்பு எழுதினார்கள். கடைசியில் அந்தப் புத்தகமே புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. அத்தனை மைல் நடந்தவருக்கே, கூடவே குடியிருந்தவருக்கே இந்தக் கதி என்றால், காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர்கள் தேரியைப் பற்றிச் சொல்வதில் எவ்வளவு சரியாக இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்கார அரசாங்கத்துக்குத் தேரி ஒரு தொந்தரவு. வரி வராது, மணல் பறந்துபோய் வரி வருகிற வயலையும் மூடிவிடும். கணக்கில் அது தரிசு, புறம்போக்கு. பனை, உடை என்று நட்டு மணலைக் கட்டிப்போடப் பார்த்தார்கள். பிறகு அதே தேரியில் காசு இருக்கிறது என்று கம்பெனிக்காரர்களுக்குத் தெரிந்தது. குலசேகரன்பட்டினத்தில் கருப்பட்டியிலிருந்து சர்க்கரை எடுக்கிற ஆலை ஒன்று பாரி கம்பெனி வகையறாவில் நடந்தது. அதற்காகவே 1910களின் நடுவில் திசையன்விளை, உடன்குடி வழியாகக் குட்டி ரயில் ஒன்று ஓடியது. தேரி ஓரத்தில் ரயில்! இன்றைக்குச் சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். 1940ல் அதையும் மூடிவிட்டார்கள். தண்டவாளம் போன இடமும் தெரியவில்லை.

இப்போது ஒரு நிமிஷம் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்புவோம்.

அங்கே சிம்ப்சன் பாலைவனம் என்று ஒன்று. தேரியைப் போலவே சிவப்பு மணல் மேடுகள், ஆயிரத்துக்கும் மேலே. 1936ல் டெட் கோல்சன் என்பவர் அதை ஒட்டகத்தில் கடந்தார். முதன்முதலில் கடந்த ஐரோப்பியர் என்று பெயர் வாங்கினார். தனியாகவா போனார்? இல்லை. பீட்டர் எய்ன்ஸ் என்ற பழங்குடி மனிதர் கூடவே போனார். பெயர் என்னவோ முதலாமவருக்குத்தான். அதைவிடப் பெரிய விஷயம், அந்தப் பாலைவனத்துக்குள்ளேயே வாங்கங்குரு என்ற ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள். மணலுக்கு அடியில் ஆழமாகத் தோண்டிய கிணறுகள் அவர்களுடையவை. ஒவ்வொரு கிணற்றுக்கும் பெயர் உண்டு, கதை உண்டு. 1900ஐ ஒட்டித்தான் அவர்கள் அங்கிருந்து வெளியேறினார்கள். 'யாருமே போகாத பாலைவனம்' என்று கோல்சன் கடந்தது, அதற்கு 36 வருஷம் முன்புவரை ஒரு ஊர்!

நம்ம தேரியிலும் அப்படி ஒரு ஊர் இருந்தது. வருஷத்தில் ஆறு மாதம் முளைத்து, ஆறு மாதம் மறைகிற ஊர். அதன் பெயர் விடிலி.

நகரத்து வாசகர்கள் பலர் இந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மாசி, பங்குனியில் பனைப் பருவம் தொடங்கியதும் பனையேறி தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெண்டாட்டி, பிள்ளைகள், ஆடு, கோழியோடு தேரிக்குள் வந்துவிடுவார். பனந்தடியை நட்டு, பனையோலையால் மேய்ந்து, தலையைக் குனிந்து நுழைகிற அளவில் ஒரு குடிசை. உள்ளே பெரிய அடுப்பு. அதுதான் விடிலி. ஆடி, ஆவணி வரை குடும்பத்துக்கு அங்கேதான் சோறு, தூக்கம், வேலை. பிள்ளைகள் அங்கிருந்தே பள்ளிக்கூடம் போகும். பல பிள்ளைகள் போகாது.

விடியுமுன்னே பனையேறி கிளம்புவார். இடுப்பில் அரிவாள் பெட்டி, காலில் தளைநார், கையில் முருக்குத்தடி. மேலே போய்ப் பாளையை மெல்லிசாகச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு, ஊறியதை இறக்கி வரவேண்டும். சுண்ணாம்பு தடவினால் பதநீர். இந்தப் பக்கத்துப் பேச்சில் 'பயினி'. சுண்ணாம்பு இல்லையென்றால் கள். அந்தச் சுண்ணாம்புக்குச் சாட்சி சொல்லிச் சொல்லியே பல பனையேறிகளின் காலம் போலீஸ் ஸ்டேஷனில் கழிந்தது தனிக்கதை.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பனை 50 அடி என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 40 பனை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. 4,000 அடி ஏற்றம், 4,000 அடி இறக்கம். கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரம். அதாவது இரண்டு நாளைக்கு ஒரு கொடைக்கானலை அடிவாரத்திலிருந்து வெறுங்காலால் ஏறி இறங்குகிறார் அந்த மனுஷன். ஆறு மாதத்துக்கு! ஞாயிற்றுக்கிழமையும் பனைக்கு லீவு கிடையாது. ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். மலைத்தொடர் இல்லாத சீமை என்று சொன்னேன் அல்லவா, இவர்கள் ஏறிய உயரத்தை அடுக்கிவைத்தால் இமயமலை பக்கத்தில் நிற்க முடியாது.

கீழே விடிலியில் அவர் மனைவிக்கு வேறொரு மலை. பயினியை வடிகட்டி, அடுப்பில் ஏற்றி, மணிக்கணக்கில் காய்ச்சவேண்டும். விறகுக்கு உடைமுள், காய்ந்த மட்டை, ஓலை. வெளியே வெயில், உள்ளே அடுப்பு. பாகு பதத்துக்கு வரும் நேரத்தில் கண்ணிமைக்கக் கூடாது. ஒரு நொடி பிந்தினால் கரிந்துவிடும், முந்தினால் கட்டி சேராது. எந்தத் தெர்மாமீட்டரும் கிடையாது. கொதிக்கிற சத்தமும் வாசனையும்தான். பிறகு சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி. 'உடன்குடி கருப்பட்டி' என்று சென்னையில் நாம் விலை பேசி வாங்குகிறோமே, அதன் வாசனைக்குள் இந்த விடிலிப் புகை இருக்கிறது.

கடற்கரையிலும் இதே மாதிரி ஒரு பருவகால ஊர் இருந்தது. முத்துக்குளிப்பு நாள்களில் கரையில் ஓலைக் கொட்டகைகள் முளைத்து, வியாபாரிகள், குளியாட்கள், கடல் காவலர்கள், அதிகாரிகள் என்று ஒரு பட்டணமே கூடும். சிப்பி தீர்ந்ததும் கலையும். அரசாங்கம் நடத்திய கடைசி முத்துக்குளிப்புகள் 1955ல் தொடங்கி 1961ல் முடிந்தன. அந்த ஊரைப் பற்றி எழுதாத யாத்திரிகர் இல்லை. தேரிக்குள் இருந்த ஊரைப் பற்றி எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம். முத்து ராணியின் கழுத்துக்குப் போனது. கருப்பட்டி ஏழையின் காபிக்குப் போனது. வேறென்ன காரணம்?

விடிலிகள் இப்போது மிகவும் குறைந்துவிட்டன. பனையேறியின் மகன் பனையேற வரவில்லை. வரவேண்டும் என்று அவன் அப்பனும் ஆசைப்படவில்லை. விழுந்தவர்களையும் இடுப்பு ஒடிந்தவர்களையும் பார்த்த அப்பன் எப்படி ஆசைப்படுவான்? சிலர் சாகுபுரம் ஆலைக்குப் போனார்கள், சிலர் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு, பலர் சென்னைக்கும் மும்பைக்கும் போய் அண்ணாச்சி கடை வைத்தார்கள். எஞ்சியவர்களிடம் ஒரு மாற்றம் வந்தது. பழைய டிவிஎஸ் 50, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கேன். தேரி ஓரத்து மண்தடத்தில் பயினியை ஏற்றிக்கொண்டு டுர்ரென்று போவார்கள். தேரியின் மோட்டார் சைக்கிள் சரித்திரம் என்று யாராவது எழுதினால் முதல் அத்தியாயம் புல்லட்டுக்கு இல்லை, அந்த மொபெட்டுக்குத்தான்!

புல்லட்டும் வந்தது. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் சேர்ந்து திருவொற்றியூரில் கால் ஊன்றிய என்ஃபீல்டு, முதலில் ராணுவத்துக்கும் போலீஸுக்கும் ஓடி, பிறகு பண்ணையார்களுக்கு ஓடி, 2000க்குப் பிறகு ஊர் சுற்றும் இளைஞர்களின் வண்டியானது. 2016ல் மும்பையில் போதகராக இருந்த காட்சன் சாமுவேல் ஒரு என்ஃபீல்டை எடுத்துக்கொண்டு நாகர்கோவில் வரை வந்தார். வேகத்துக்காக இல்லை, போட்டோவுக்காக இல்லை. வழியெல்லாம் பனையைப் பார்க்க, பனையோடு பிழைக்கிறவர்களிடம் பேச. அதைப் 'பனைமரச் சாலை' என்று புத்தகமாகவும் எழுதினார். கால்டுவெல் காலால் செய்ததை இவர் சக்கரத்தால் செய்தார் என்று சொல்லலாம். வண்டி ஓடும்போது அதிகம் தெரியாது. நிறுத்தி இறங்கும்போதுதான் தெரியும். அவருக்கு நிறுத்தத் தெரிந்திருந்தது.

இப்போதெல்லாம் விடுமுறை நாள்களில் தேரிக்குப் பைக்கில் வருகிற பையன்கள் அதிகம். மணலில் பின்சக்கரம் புதைந்து, ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க இன்னும் ஆழமாக இறங்கி நிற்பார்கள். பக்கத்தில் ஆடு மேய்க்கிற பெரியவர் யாராவது இருந்தால் இப்படித்தான் சொல்வார்: "எய்யா, ஏன் போட்டு இந்த முறுக்கு முறுக்குதிய? டயருல காத்தக் கொஞ்சம் தொறந்து விடுங்க. வண்டி தானா ஏறும்." லட்ச ரூபாய் வண்டியின் கையேட்டில் இருக்கிற அதே யோசனை! காற்றைக் குறைத்தால் டயர் அகலமாக மண்ணில் பரவும், பாரம் பரவும், புதையாது. அவர் கையேடு படித்தவர் இல்லை. மணலில் நடந்தவர். மணலில் முறுக்கக் கூடாது, பரவவேண்டும் என்று பாதத்துக்குத் தெரியும்.

தேரியின் அடுத்த அத்தியாயம் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. குட்டி ரயில் ஓடிய அதே குலசேகரன்பட்டினத்தில், 2024 பிப்ரவரி 28 அன்று இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். சிறிய செயற்கைக்கோள்களை இங்கிருந்து நேராகத் தெற்கே ஏவலாம்; இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகிற எரிபொருள் மிச்சம். நல்ல விஷயம்தான். 2021ல் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு உத்தரவு போட்டது. 2023ல் உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவும் நல்ல விஷயம்தான். மரத்துக்குச் சட்டம் வந்துவிட்டது, கட்டிக்கு முத்திரை வந்துவிட்டது. ஏறுகிற ஆளுக்கும் காய்ச்சுகிற அம்மாவுக்கும்தான் இன்னும் எதுவும் முழுசாக வந்து சேரவில்லை. அவர்கள் கணக்கில் ஏறாததற்குப் பழைய காரணம்தான். வரைபடத்தில் அந்த இடம் வெறும் சிவப்பு. யாருமில்லாத இடம்.

ஒரு நிலத்தை எடுத்துக்கொள்வதற்கு முன்னால் உலகம் முழுக்க முதலில் சொல்லப்படுவது அந்த வாக்கியம்தான், "அங்கே யாருமில்லை". சிம்ப்சன் பாலைவனத்தில் அதைச் சொன்னார்கள். வெள்ளைக்காரத் தாசில்தார் கணக்கில் தேரிக்கும் அதையே எழுதினார்கள். நாமும் விளையாட்டாக அதைச் சொல்லிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறோம். விளையாட்டு வார்த்தை இல்லை அது.

அதனால், தேரிக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. கட்டாயம் போங்கள். நிலா இல்லாத ராத்திரியில் அந்த மேட்டில் நின்றால் வானம் முழுக்க நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும். ஆனால் சில காரியங்கள். பெரும்பகுதி வனத்துறையின் காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே கூடாரம் போட முடியாது. காய்ந்த ஓலையும் சருகும் கிடக்கிற இடம். தீ மூட்டி விளையாடாதீர்கள். உச்சிவெயிலில் செருப்பைக் கழற்றாதீர்கள். சுனைத் தண்ணீரில் சோப்புப் போடாதீர்கள், அது அய்யனாருடையது. காலி பாட்டிலை மணலில் புதைக்காதீர்கள். ஆடிக்காற்று அடுத்த வருஷம் அதை வெளியே எடுத்துக் காட்டும்.

எங்கேயாவது ஓலைக் குடிசையிலிருந்து புகை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வண்டியைத் தூரத்திலேயே அணைத்துவிட்டு நடந்து போங்கள். "அண்ணாச்சி, பயினி இருக்கா?" என்று கேளுங்கள். பட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள். குடித்துவிட்டுக் காசை நீட்டி ஓடிவந்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் உட்காருங்கள். எத்தனை பனை, எத்தனை வருஷம், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கிறது. கேட்க ஆள்தான் வருவதில்லை.

கல்லைச் செதுக்கியவர்கள் போய்விட்டார்கள், குட்டி ரயில் போய்விட்டது, முத்துப் பட்டணம் போய்விட்டது. விடிலிப் புகை மட்டும் இன்னும் அங்கங்கே மெலிசாக எழும்பிக்கொண்டிருக்கிறது. அடுத்த பருவத்துக்கு எத்தனை அடுப்பு எரியும் என்பதில்தான் தேரியில் ஆள் இருக்கிறதா, இல்லையா என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது.